சந்தனம் பட்ட பிளாப்பி

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் செங்கொடியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும். மில்லின் தூசு இயந்திரங்களுக்குள் போகாமலிருக்க வாசலில் ஒரு ஈரத்துணி எப்போதும் தொங்கும். பாலிடெக்னிக் முடித்து, பாரிமுனைக் கடை ஒன்றில் வேலை கற்றுக்கொண்டு, தனியாக வந்தவள் அவள். எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும், உள்ளே இருப்பதை அப்படியே சிடியில் நகல் எடுத்த பிறகுதான் கைவைப்பாள்.

அவளுடைய அண்ணன் வேலப்பன் எட்டாவதோடு நின்றவன். லேத்துப் பட்டறை ஆள். 2003ஆம் ஆண்டு விஜயதசமியன்று பட்டறையில் பேருக்கு ஒரு துண்டு இரும்பைக் கடைந்துவிட்டு, நேராகத் தங்கையின் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அவர்கள் குடியிருப்பைச் சேர்ந்த மாரியப்பன், ஆட்டோவில் தன் கம்ப்யூட்டரோடும் மனைவி தாயம்மாவோடும் வந்து இறங்கினார். பெட்டியின் மேல் முந்தைய நாள் பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை அப்படியே இருந்தது.

"இன்னா மாமா, கல்யாணப் பொண்ண இட்டுகினு வர மாதிரி வர்றே?" என்றான் வேலப்பன்.

மாரியப்பன் சிரிக்கவில்லை.

அவர் மணலித் தொழிற்சாலைகளில் குழாய்களைத் தாங்கும் இரும்புப் பாலங்களின் மேல் ஏறி, ஒவ்வொரு வளைவையும் அளந்து கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டவர். ஒருமுறை விழுந்து முழங்கால் போனது. அதன் பிறகு அந்தப் பழைய வரைபடங்கள்தான் சோறு. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போதெல்லாம் காண்டிராக்டர்கள் அவரைத் தேடி வருவார்கள். சூடு வெளியேறாமலிருக்கக் குழாய்களின் மேல் இப்போது பஞ்சு வைத்துத் தகடு சுற்றியாகிவிட்டது. இனி அவரே ஏறினாலும் அளக்க முடியாது. யாரோ ஒருவன் திருட்டுத்தனமாக நகல் எடுத்துப் போனதிலிருந்து, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்த ஒரு பூட்டு சாப்ட்வேரைப் போட்டு எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தார்.

"பூஜைக்கு மேசையத் தொடச்சேன். அப்டியே உள்ளேயும் சுத்தம் பண்ணேன். வேணாததெல்லாம் எடுத்தேன். அதுல பூட்டும் போச்சு. பூட்டக் கழட்டிட்டா கதவு தொறக்கணுமா இல்லியா? ஒரு படமும் தொறக்கல கண்ணு. வியாழக்கெழம ஆலைய நிறுத்துறான், காண்டிராக்டரு வந்து நிப்பான்."

"இது கதவுல மாட்ற பூட்டு இல்ல மாமா," என்றாள் செங்கொடி. "சீட்டுக்கட்டக் கலைச்சு வெச்ச மாதிரி. கலைச்சவன வூட்ட வுட்டு அனுப்பிட்டா சீட்டு தானா வரிசைக்கு வருமா? அவனத்தான் திருப்பிக் கூட்டியாரணும். எதனா தொறந்து பாத்தியா?"

"ஒண்ண நோட்பேடுல தொறந்தேன். கோழி கிறுக்குன மாதிரி வந்துது. சேவ் பண்ணவான்னு கேட்டுது. பண்ணிட்டேன்."

செங்கொடி இருப்பதையெல்லாம் நகல் எடுத்தாள். பிறகு, புறாக்களை விரட்ட வேலப்பன் வீட்டுப் பால்கனியில் கட்டித் தொங்கவிட்டதுபோகக் கடையில் மீந்திருந்த பழைய சிடிகளுக்குள் தேடி, அதே பத்திரிகையின் அதே மாத சிடியை எடுத்தாள். புதிய பதிப்பு பழைய பூட்டை அடையாளம் காணாது என்பது அவளுக்குத் தெரியும். சாப்ட்வேர் ஏறியது. கடவுச்சொல்லைக் கேட்டது. மாரியப்பன் தட்டினார். அடுத்து, பூட்டியபோது சாவியைப் பதிந்து வைத்த பிளாப்பியைப் போடு என்றது.

மாரியப்பன் மனைவியைப் பார்த்தார். தாயம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து பிளாப்பியை எடுத்தார். அதன் தகட்டு மூடியின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"டேப்பு, ரசமட்டம், மவுசு எல்லாத்துக்கும் வெச்சேன். இதுவும் தொழிலுக்கு ஒதவுறதுதானே, இத மட்டும் இன்னாத்துக்கு வுடணும்னு..."

"நல்லா கொழைச்சு வெச்சுக்கீற அத்தே," என்றான் வேலப்பன். "உள்ள வரைக்கும் எறங்கிக்கீது."

"வூட்ல போட்டுப் பாத்தேன். கர்ருனு உறுமிச்சு," என்றார் மாரியப்பன். இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார்.

செங்கொடி வேலப்பனைப் பேட்டரிக் கடைக்கு அனுப்பி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர் வாங்கிவரச் சொன்னாள். மூடியை நெம்பி எடுத்து, பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பை பிளேடால் பிளந்தாள். உள்ளே கறுப்பாக, வெங்காயச் சருகு கனத்தில், வட்டமான தகடு. ஓரமாக மஞ்சள் கறை.

"நான் புடிக்கட்டா?"

"அப்பால நில்லுண்ணா. உன் கைல கிரீஸு கீது."

நடு இரும்பை மட்டும் பிடித்து, தகட்டைத் தண்ணீரில் ஆட்டினாள். தேய்க்கவில்லை. கறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வெயில் படாத இடத்தில் நூலில் மாட்டிக் காயவிட்டாள். காயும் வரை யாரும் ஃபேனைப் போடவில்லை. தாயம்மா விசிறிக்கொள்ளக்கூட இல்லை. பிறகு புது பிளாப்பி ஒன்றைப் பிளந்து, அதன் கூட்டுக்குள் இந்தத் தகட்டை மேல் பக்கம் மாறாமல் வைத்து மூடினாள். பட்டறையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பார்த்து இரும்பு கடைகிறவனுக்கும் அந்த விரல்களைப் பார்க்கும்போது மூச்சை அடக்க வேண்டியிருந்தது.

பிளாப்பி ஒருமுறை முனகியது. நின்றது. மறுபடி முனகியது. சாவி ஏறிவிட்டது.

செங்கொடி உடனே படங்களைத் திறக்கவில்லை. சாவியை முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்தாள். பிறகு நகலிலிருந்து ஒரு படத்தைத் திறந்தாள். திரையில் கோடுகள் வந்தன. மாரியப்பன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போனார்.

"அந்த மூணாவது வளைவப் பெருசு பண்ணு. எரநூத்திப் பத்து கீதா?"

"கீது மாமா."

"அடுத்தது?"

"நானூத்தி நாப்பது."

"ஆங், அதான்," என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் திறந்தன, நோட்பேடில் சேமித்த அந்த ஒன்றைத் தவிர. அது கொதிகலன் பக்கத்துக் குழாய். செங்கொடி பல வழிகளில் முயன்றுவிட்டு, "இது போச்சு மாமா. உள்ள எழுத்தே மாறிப்போச்சு," என்றாள்.

மாரியப்பன் வேலப்பனிடம் திரும்பினார். "ஒரு பென்சிலு இருந்தா குடு நைனா. அந்தக் கொழாயில இருந்துதான் நான் வுழுந்தேன். அந்த அளவு ஒண்ணுகூட மறக்கல."