மூன்று தடவை சொல்ல வேண்டிய பெயர்

கனிஷாய் பேசும்போது நடுநடுவே ஒரு சின்ன இடைவெளி விழும். திக்குவாய் இல்லை. சொல் உதடுவரை வந்து நிற்கும், நாக்கு அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கும், அப்புறம்தான் வெளியே விடும். புலாவுக்கு அரிசி களைகிறவள் விரலால் துழாவிக் கல் பொறுக்குகிற மாதிரி. கண்ணிமைக்கிற நேரம்தான் என்பதால் பழகாதவர்கள் கவனிக்க மாட்டார்கள்.

அவள் பொறுக்கிப் போடுவதும் கல்லைத்தான். மாமனார் பெயர் தாஷ்தான்பெக். அவர்கள் பேச்சில் 'தாஷ்' என்றால் கல். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது, பெயருக்குள் உட்கார்ந்திருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. ஆகவே கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் கல் கிடையாது. கல்லுக்கு அவளாக 'கெட்டி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். "குளம்புல கெட்டி மாட்டியிருக்கு, பாருங்க." "ஆத்துல கெட்டி வழுக்கும், மெதுவாப் போ." அவள் பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து வெகுநாள் வரை கல்லைக் கெட்டி என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கனிஷாய் பிறந்தது நாரின் என்கிற மலைச்சீமையில். காற்றுக்கு எதிராகக் கூப்பிட்டே வளர்ந்ததால் குரல் தடிப்பு. சாரி-தோர் கிராமத்துக்கு வாழ வந்த அன்றே மாமியார் புருல் அதைக் கேட்டுவிட்டு, "மெதுவா பேசும்மா, ஆட்டுக்குட்டி மிரளுது" என்றாள். அதோடு சரி. வீட்டில் கனிஷாயின் குரல் அடுப்பைத் தாண்டாது. தேநீர் ஊற்றிக் கிண்ணத்தை நீட்டும்போது ஒரு சொல், தலைவாசலில் செருப்பை நேராக வைக்கும்போது ஒரு சொல்.

ஊருக்கு மேலே பனிச்சறுக்கு விடுதி. கனிஷாய்க்கு அங்கே சீட்டுக் கொடுக்கிற வேலை. அவள் புருஷன் மெலிஸ், மலையுச்சிக்கு ஆட்களைத் தூக்கிப்போகிற கம்பி நாற்காலிகளை ஓட்டுகிறவன். ஒரு கோடையில், காணாமல்போன ஒரு பிள்ளையின் தாயைக் கூப்பிடச் சொல்லி அவள் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அந்தக் குரல் தேவதாரு மரங்களுக்கு மேலே ஏறி, பள்ளத்தாக்கின் அந்தப்பக்கம் இடித்து, திரும்பி வந்தது. தாய் வந்துவிட்டாள். கூடவே மேய்ச்சல்வெளியிலிருந்து இரண்டு ஆட்டுக்காரர்களும் குதிரையில் இறங்கி வந்து, "யாரு கூப்பிட்டது? எங்களையா?" என்று கேட்டார்கள்.

அடுத்த கோடைத் திருவிழாவிலிருந்து மைக் அவளுடையது. குதிரைமேல் மல்யுத்தம், கூடாரம் எழுப்புகிற போட்டி, குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் குடிக்கிற போட்டி எல்லாவற்றுக்கும் அவள்தான் சொல்லுவாள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அடுப்பருகே சுருட்டி வைத்திருக்கிற குரலை அந்த மூன்று நாள் மலைமேல் விரித்துப் போடுவாள். வேறு எதையும் தன்னுடையது என்று அவள் சொன்னதில்லை. "என் மைக்" என்று மட்டும் சொல்வாள், அதையும் மாமியார் இல்லாதபோது.

சிக்கல் ஒரு சாப்பாட்டு வேளையில் தொடங்கியது. தாஷ்தான்பெக் எலும்பைத் துடைத்து வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இந்த வருஷம் சாம்பலை நடைப்பந்தயத்துல விடுறேன்."

சாம்பல், அவர் குட்டியிலிருந்து பழக்கிய குதிரை. நடைப்பந்தயத்தில் குதிரை பாயக்கூடாது. முதுகில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் சிந்தாத அளவுக்கு ஒரே சீராக, அதே சமயம் காற்றாக நடக்க வேண்டும். சாம்பலுக்கு அது பிறவியிலேயே வந்திருந்தது. ஜெயிக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

கனிஷாய் கையில் கிண்ணம் அப்படியே நின்றது. ஜெயித்த குதிரையின் நிறத்தையும் சொந்தக்காரர் பெயரையும் மைக் பிடித்திருப்பவர் மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை கடிவாளத்தை யாரும் தொட மாட்டார்கள். சொல்லாவிட்டால் அது ஜெயித்த குதிரையே இல்லை.

அவர் குதிரையைப் பார்க்க எழுந்து போனதும் புருல் மருமகளைப் பார்த்தாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தை."

"நான் இந்த வீட்டுக்கு வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 'இந்தாங்க', 'கேட்டீங்களா', 'பெரியவரே'. வேற ஒண்ணு என் வாயில வந்ததில்ல. ஆஸ்பத்திரியில புருஷன் பேர் என்னன்னு கேட்டான் ஒருத்தன். பக்கத்துல நின்ன பொம்பளையக் கேட்டுக்கோன்னுட்டேன். நீ என்னடான்னா மலைக்கே கேக்கிற மாதிரி சொல்லப்போற."

"சொல்ல மாட்டேன் அத்தை."

"சொன்னேன்னா அந்தக் கருப்புக் குச்சியை அப்புறம் தொட வேண்டாம். வீட்டுல வேலை கிடக்கு."

விடுதி நிர்வாகி ஷேராலி தலைநகரம் பீஷ்கேக்கிலிருந்து வந்தவர். அவரிடம் போய் நின்றாள். அவர் சிரித்தார்.

"என்ன கனிஷாய், இந்தக் காலத்துல போய்? ஒரு பேருதானே?"

"சின்னப் பேரு இல்லண்ணே."

"வெளிநாட்டு ஆளுங்கள்லாம் வர்றாங்க. அவங்க முன்னால வாயடைச்சு நிக்கக் கூடாது. உனக்கு முடியலேன்னா சொல்லு, பீஷ்கேக்லேர்ந்து ஒரு தம்பி வந்திருக்கான். நல்லா பேசுவான். மைக்கை அவன்கிட்டக் குடுத்துடலாம். ஒரேயடியா."

அந்தத் தம்பி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு விடுதி வாசலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

ஆகவே மெலிஸிடம் போனாள். அவன் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"பந்தயம் முடியிற நேரத்துக்கு இறங்கி வந்துடுங்க. பேரை மட்டும் நீங்க சொல்லுங்க. மைக் என் கையிலயே இருக்கும்."

"எங்க அப்பா பேரைச் சொல்ல நான் ஒருத்தன் மலை இறங்கணுமா?" என்றான் மெலிஸ். அவள் முகத்தைப் பார்த்தவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். "சரி சரி, வர்றேன். அழுதுடாத. அழுதா மைக்ல கேக்கும்."

திருவிழா வந்தது. முதல் இரண்டு நாளும் எந்தக் குறையும் இல்லை. பாறாங்கல் தூக்குகிற போட்டியை மட்டும் அவள் 'கெட்டி தூக்கும் போட்டி' என்றே அறிவித்தாள். ஊர்க்காரர்கள் சிரித்துப் புரண்டார்கள். வெளியூர்க்காரர்கள் அதுதான் அதன் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். வேலியோரத்தில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்கிற ஜிபார் எழுந்து நின்று, "அடியே கனிஷாய், என் மாவும் கெட்டியாத்தான் இருக்கு, இதையும் தூக்கச் சொல்லு!" என்று கத்தினாள். ஜிபார் அடுத்த வீட்டுக்காரி. வாய் அடங்காதவள். அவள் பக்கத்தில், தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு புருல் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் குதிரைகள் ஓடையைத் தாண்டிப் போய் மறைந்தன. கனிஷாய் தூசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "முன்னால ஒரு செவலை... பக்கத்துல கருப்பு... செவலை பாயுது, பாயுது, அது கணக்குல சேராது... சாம்பல் வருது!" சாம்பல் என்று சொன்னதும் குரல் தானாக உயர்ந்தது. குதிரைமேல் இருந்த பையனின் தொப்பிகூட ஆடவில்லை. நான்கு கால்களும் தண்ணீர் ஓடுகிற மாதிரி வந்தன.

அவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள்.

சிவப்பு நாற்காலிகள் கம்பியில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. சுற்றுலாக்காரர்களின் கால்கள் அந்தரத்தில் ஆடின. யாரோ தொப்பியைக் கழற்றி வீசிக் கூப்பிட்டார்கள். இயந்திரம் நின்றுவிட்டது. அத்தனை பேரையும் தொங்கவிட்டுவிட்டு மெலிஸ் எப்படி வருவான்?

சாம்பல் எல்லைக் கயிற்றைத் தாண்டியது. இரண்டாவது குதிரை வர நேரமானது.

கூட்டம் எழுந்தது, கத்தியது, பிறகு வழக்கப்படி அமைதியானது. இப்போது பெயர் வர வேண்டும். தாஷ்தான்பெக் குதிரைக்குப் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடிவாளத்தைத் தொடவில்லை. வெள்ளைத் தொப்பிக்குக் கீழே காது சிவந்திருந்தது. மேடையை அவர் பார்க்கவே இல்லை.

"ஜெயிச்ச குதிரை..." என்றாள் கனிஷாய். "நிறம், சாம்பல்." நின்றாள்.

அந்த இடைவெளி இந்தமுறை எல்லாருக்கும் கேட்டது. ஒலிபெருக்கி அவள் மூச்சை மலைக்கு எடுத்துப்போனது.

"சொந்தக்காரர்..."

"பேரு! பேரு!" என்று வேலிப்பக்கமிருந்து எவனோ விஷயம் தெரிந்தே கத்தினான். "மருமக, பேரைச் சொல்லு!" ஜிபாரின் குரல், "சும்மா கெடங்கடா எருமைங்களா!" என்று அதன்மேல் ஏறியது. சிரிப்பு பரவியது. பெரியவர் காது இன்னும் சிவந்தது.

ஷேராலி மேடைப் படியில் ஏறி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லு. இல்லேன்னா அந்தத் தம்பிகிட்டக் குடு" என்றார். வெள்ளைக் கோட்டுத் தம்பி கையை நீட்டிவிட்டான். அவன் கை சுத்தமாக இருந்தது, நகங்கள் வெட்டியிருந்தன. கொடுத்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும். மூன்று தடவை அழகாகச் சொல்லுவான். அதற்குப் பிறகு எல்லாக் கோடையிலும் சொல்லுவான்.

அவள் கொடுக்கவில்லை. மைக்கை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். இதயம் அடிப்பது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டதாக ஜிபார் பிற்பாடு சொன்னாள். அது அவள் கட்டிவிட்டதாகவும் இருக்கலாம்.

"ஊர்க்காரங்களே," என்றாள் கனிஷாய். "இவரோட மருமக நான். இவர் வீட்டு ரொட்டியத்தான் தின்னுறேன். இவர் யாருன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். என் வாயில வராது. ஒரு வாய் சொல்றதைவிட ஊரே சொன்னா அவருக்குப் போதாதா? சாம்பலோட சொந்தக்காரர் யாரு?"

மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, கை எட்டுகிற மட்டும் நீட்டினாள்.

அப்புறம் வந்தது.

"தாஷ்தான்பெக்!"

முதல் தடவை ஆண்கள். இரண்டாவது தடவை பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும், தப்புத் தப்பாக, ஆனால் தொண்டை கிழிய. மூன்றாவது தடவை எல்லாரும். கம்பி நாற்காலியில் தொங்கினவர்கள்கூட என்னவென்று தெரியாமலே சேர்ந்து கத்தினார்கள். அங்கே ஒரு நாற்காலிக்கு அடியில் ஏணி வைத்துக்கொண்டிருந்த மெலிஸ், அப்பா பெயர் பாறையில் மோதித் திரும்புவதைக் கேட்டு, ஏணியை விட்டுவிடப் பார்த்தானாம்.

தாஷ்தான்பெக் கடிவாளத்தைப் பிடித்தார். நெற்றியைக் குதிரையின் கழுத்தில் ஒரு நொடி வைத்தார். பரிசு ஒரு சலவை இயந்திரம். அதைத் தூக்கி வண்டியில் ஏற்ற நாலு பேர் வந்தார்கள். அவர் தள்ளிவிட்டு, இரண்டு பேர் போதும் என்றார்.

அன்று ராத்திரி கனிஷாய் கிண்ணத்தை நீட்டினாள், மாமனார் வாங்கிக்கொண்டார். விடியற்காலையில், பால் கறக்கப் போகிறவளைப் புருல் வாசலில் மறித்தாள்.

"உன் வாயில வரலைதானே?"

"வரலை அத்தை."

"அப்ப சரி," என்று வழி விட்டாள். பின்னாலிருந்து, "அடுத்த வருஷம் தலைத்துணியை இன்னும் கொஞ்சம் முன்னால இழுத்துக் கட்டிக்கோ. மேடையில காத்து அடிக்குது" என்றாள். அடுத்த வருஷம் என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு கனிஷாய் கறந்ததில், முதல் பீச்சு பால் மண்ணில் போயிற்று.

வெள்ளைக் கோட்டுத் தம்பிக்கு ஷேராலி பாட்டுக் கச்சேரிகளைக் கொடுத்தார். மைக் கனிஷாயிடமே இருந்தது. அடுத்த கோடையில் யார் குதிரை ஜெயித்தாலும் கூட்டம் தானே பெயரைக் கத்தக் காத்திருந்தது. அவளும் மைக்கைத் திருப்பிப் பிடித்தாள்.

மிச்ச விஷயம் அதற்கும் அடுத்த வசந்தத்தில், ஒரு சண்டையில்தான் வெளியே வந்தது. புருலின் கிடாய் வேலி தாண்டிப் போய் ஜிபாரின் முட்டைக்கோஸை மேய்ந்துவிட்டது. இரண்டு பேரும் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று கத்தினார்கள். மரியாதை தெரியாதவள் என்று புருல் சொல்லிவிட்டாள். ஜிபார் இடுப்பில் கை வைத்தாள்.

"மரியாதையப் பத்தி நீ பேசாத! அன்னைக்குத் திருவிழாவுல என் பக்கத்துலதானே உக்காந்திருந்தே? மூணாவது தடவை எந்திரிச்சு நின்னு, தலைத்துணி அவிழ்ந்து விழ, புருஷன் பேரைக் கத்துனவ யாரு? இன்னும் எனக்கு இந்தக் காது சரியாக் கேக்கல!"