வலது கைக்கு ஒரு மவுஸ்

இந்துமதிக்கு வலது மணிக்கட்டில் வலி இருப்பது அவளுக்கும் அவள் புருசனுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ராயபுரத்துப் பனியன் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவள் அத்தனை கவனமாக இருந்தாள்.

அவள் வேலை அப்படி. பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துணியின் அகலத்துக்குள் இடைவெளி விடாமல் அடுக்கி, வெட்டுவதற்கான படத்தைத் தயாரிக்க வேண்டும். அதற்கு மார்க்கர் என்று பெயர். அடுக்கிய துணியின் மேல் அதை விரித்துத்தான் கட்டிங் மாஸ்டர் மிஷினை ஓட்டுவார். ஒரு துண்டு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் போச்சு, அடுக்கிய துணி மொத்தமும் வேஸ்ட். நாள் முழுக்க மவுஸைப் பிடித்து இழுப்பதும் விடுவதும்தான் பிழைப்பு. மூலனூரில் அவள் அப்பா முருங்கைக்காய் மூட்டை தூக்கித் தோள் வீங்கினார். மகளோ ஏசி அறையில் உட்கார்ந்த இடத்தில் மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டாள். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

முதலாளி திருமூர்த்தியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எல்லோரையும் அம்முணி, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பயமே அங்கேதான். இதே நாற்காலியில் இவளுக்கு முன்னால் விஜயராணி இருந்தாள். கழுத்து வலிக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதும், "ஊட்டுல நாலு நாள் ரெஸ்ட் எடு அம்முணி" என்று அன்பாகத்தான் அனுப்பிவைத்தார். அவள் திரும்பி வந்தபோது நாற்காலியில் இந்துமதி இருந்தாள். விஜயராணி இப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறாள். தினமும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இவள் மார்க்கர் போட வேண்டும்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "சாய்வாப் பிடிக்கிற மவுஸா வாங்குங்க. முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு இடது கைக்கு மாத்துங்க. இல்லேன்னா கட்டுப் போட்டு உக்கார வச்சிருவேன்."

மவுஸில் கிளிக் விழவில்லை என்று முதலாளியிடம் பொய் சொன்னாள். பணத்தைக் கொடுத்துத் தன்னையே வாங்கிவரச் சொல்வார் என்று நினைத்தாள். "நானும் வாரேன் அம்முணி. ஆயுத பூசைக்குப் புதுச் சாமானம் ஒண்ணு சாமி முன்னால இருக்கட்டும்" என்று அவர் காரை எடுத்தார். அவர் பக்கத்தில் நிற்கும்போது இடது கை மவுஸை எப்படிக் கேட்பது?

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் சாமான் கொடுக்கும் சேக் தாவூது, மவுஸ்களை வரிசையாக எடுத்து வைத்தார். முதலாளி கை நேராகப் பல வண்ணத்தில் மின்னுகிற ஒன்றுக்குப் போனது.

"நான் மார்க்கர் போடோணுங்ணா. தேர்த் திருவிழாவுக்கா சீரியல் லைட் கட்டப் போறோம்?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு கீழே வைத்தார். வயரில்லாத மவுஸையும் அவள் ஒதுக்கினாள். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் கட்டிங் டேபிளில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"அப்ப இதப் பாருங்க. வயர் வச்சது. கேம் ஆடறவங்களுக்குன்னே செஞ்சதுங்க" என்று தாவூது ஒன்றை நகர்த்தினார். முதுகு ஒரு பக்கம் சரிந்து, கட்டைவிரல் சாய்ந்துகொள்ள இடம் விட்டிருந்தது. "ஆனா வலது கையில மட்டுந்தான் புடிக்க முடியும். இந்தா, இது ரெண்டு கைக்கும் ஆகும். இடது கைக்காரங்க இதத்தான் கேப்பாங்க."

அவளை அறியாமலே இடது கை அதன் மேல் போய் உட்கார்ந்தது. பாந்தமாக இருந்தது. வலி இல்லாமல் ஒரு மவுஸைப் பிடித்து எத்தனை காலமாயிற்று!

"நீ இடது கையா அம்முணி?" என்றார் முதலாளி.

சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். "இல்லீங்ணா." வலது கையால் சரிந்த மவுஸைப் பிடித்தாள். மணிக்கட்டில் சுரீரென்றது. முகத்தில் சிரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "இதே இருக்கட்டுங்க" என்றாள். எது தனக்கு வேண்டியது என்று தெரிந்தே மற்றதை வாங்கினாள்.

ஆயுத பூசையில் ஓவர்லாக் மிஷின், கத்தரிக்கோல், கம்ப்யூட்டர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஜொலித்தன. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் மார்க்கர் போட வேண்டும். கட்டிங் மாஸ்டர் கன்னையன் துணியை அடுக்கிவிட்டு வாசலில் நின்றார். முதலாளி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

இந்துமதி திரையில் பனியனின் கைப் பகுதி ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அது துணியின் ஓரத்துக்குத் துள்ளிப் போனது. திருப்பி இழுத்தாள். நடுவழியில் நின்றுவிட்டது. இறுக்கிப் பிடித்தாள். முன்பக்கத்தின் மேல் ஏறி விழுந்தது.

"என்னாச்சுங் இந்து?" என்றார் கன்னையன்.

விரல்கள் மரத்திருந்தன. தொலைந்தது, கை போய்விட்டது, இனி திரும்பாது என்றே நினைத்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்தது அழுகையாக உடைந்தது.

"என்ற கைதானுங்ணா போயிருச்சு. ரொம்ப நாளா வலிங்க. மவுஸ் கெட்டுப்போச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க."

திருமூர்த்தி குனிந்து மவுஸைத் தானே பிடித்து நகர்த்திப் பார்த்தார். அவர் கைக்கும் அது துள்ளியது. திருப்பினார். அடியில் வெளிச்சம் வரும் துளை முழுக்கச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

"அட! நான் வச்ச பொட்டுதான். மேல வச்சா உன்ற கை பட்டு அழிஞ்சிரும்னு அடியில வச்சேன். பொட்டு வைக்கறதுக்குன்னே குழி விட்டாப்பல இருந்துச்சு."

கன்னையன் சிரித்துவிட்டார். இந்துமதியால் முடியவில்லை. சந்தனத்தைச் சுரண்டிவிடலாம், சொன்ன சொல்லை என்ன செய்வது?

"கடையில உன்ற இடது கை அந்த இன்னொரு மவுஸுக்குப் போனதப் பாத்தேன்" என்றார் முதலாளி. "அங்கயே சொல்லியிருந்தா அதையே எடுத்திருப்பமே. ஏன் சொல்லல?"

அவள் கண்கள் தாமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் போயின. அவரும் பார்த்தார். அங்கே விஜயராணி ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். திருமூர்த்தியின் முகம் சிறுத்துப்போனது. பிறகு கதவைத் திறந்து, "விஜயராணி, இங்க வா அம்முணி" என்றார்.

இந்துமதி எழுந்து நின்றாள். தன் கதையும் முடிந்தது என்று சுவரோரமாக ஒதுங்கினாள். விஜயராணி தயங்கித் தயங்கி உட்கார்ந்து, துடைத்த மவுஸைப் பிடித்தாள். பனியனின் கைப் பகுதி சொன்ன இடத்தில் போய் நின்றது.

"எனக்கு இது சரியாத்தானுங்க இருக்குது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"அப்ப இனிமே மார்க்கர் ஆளுக்கு அரை நாள். உனக்குக் கழுத்தும் பிழைக்கும், அவளுக்குக் கையும் பிழைக்கும்" என்றார் முதலாளி. இந்துமதியிடம் திரும்பினார். "நீ கெளம்பு."

அவள் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "எங்கீங்ணா?"

"தாவூது கடைக்குத்தான். இந்தத் தடவை நான் கூட வர்ல. நீ இடது கையிலயே புடிச்சுப் பாத்து எடுத்துட்டு வா."