வாய்க்கால் தாண்டாத சிவலையன்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நான் பேனை பிடிப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நனைந்த சாக்கின் மணம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு ஒரு குதிரையின் முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

வடமராட்சியிலிருந்து வட்டக்கச்சிக்குக் குடியேறிய எங்களுக்கு வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். வண்டி போகாத வரம்பு வழியே விதைநெல் சுமக்கட்டும் என்று, கட்டாக்காலிக் குதிரைகள் திரிகிற நெடுந்தீவில் பெண் எடுத்த சித்தப்பாவிடம் சொல்லி ஐயா ஒரு சிறிய குதிரையைக் கொண்டுவந்து, எருதுக்கு வைப்பதுபோல் "சிவலையன்" என்று பேர் வைத்தார். பேர் மட்டுமல்ல, நடத்தியதும் எருதைப் போலத்தான். கோடை நெல்லான சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்த அன்று அவர் முன்னால் கயிற்றை இழுக்க, பக்கத்துக் காணிச் செல்லையா அண்ணர் பின்னால் நின்று வாலை முறுக்கி "ஹெய், ஹெய்" என்று அதட்டினார். ஓடுகிற தண்ணீரையே காணாத கல்லுத் தீவில் பிறந்த அந்தச் சீவன் பாய்ந்து, வழுக்கி, முழங்கால் மடிந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. அதன்பின் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே அதன் தோல் நடுங்கும்.

"விதைப்புக்கு முதல் இது வாய்க்கால் தாண்டாட்டி செட்டிகுளத்து மாட்டு யாவாரிக்குக் குடுத்திடுவன். சும்மா நிண்டு புல்லுத் தின்னவோ கொண்டுவந்தனான்?" என்றார் ஐயா.

அப்போது எட்டாம் வகுப்பு படித்த, ஆட்களோடு கதைக்கக் கூசுகிற பிள்ளை நான். அந்தக் குதிரையும் போய்விட்டால் எனக்கு யார் என்ற பயத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முதுகில் சாக்கை விரித்து ஏறி, வேலியோரமாக மெல்ல நடக்கப் பழகினேன். என்னை விழுத்தியது, திரும்ப ஏறினேன், பிறகு விழுத்துவதை விட்டுவிட்டது.

"என்ன பிள்ளை, மாப்பிள்ளை தேடிக் குதிரையிலையே போகப்போறியோ?" என்று செல்லையா அண்ணர் வேலிக்கு மேலால் கேட்டார்.

"நீங்கள் உங்கடை மாட்டைப் பாருங்கோ அண்ணை, என்ரை கத்தரியைத் தின்னுது," என்று குசினிக்குள் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தா.

வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். முறை முடிந்து மதகைப் பூட்டினால் அடிமண் தெரியும். அந்த நாட்களில் காய்ந்த வாய்க்காலுக்குள் அதை இறக்கி, அந்தக் கரையில் ஏற்றி, திரும்பக் கொண்டுவருவேன். சேறு கிடந்தால் சேற்றிலும், குட்டை தேங்கியிருந்தால் அதன் ஓரமாகவும் அது என் விருப்பத்துக்கு நடந்தது.

விதைப்புக்கு முதல் நாள் மறுபடி தண்ணீர் வந்தது. அந்தக் கரையில் ஐயாவும் செல்லையா அண்ணரும் நின்றார்கள். நான் முதுகில் இருக்க, சிவலையன் இறக்கத்தில் நின்றுவிட்டது. நீந்தத் தெரியாத எனக்கும் பயம். என் முழங்கால்கள் அதன் விலாவை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அது தண்ணீருக்கு மட்டுமல்ல, என் பயத்துக்கும் சேர்த்துத்தான் பயந்தது போலும். காலைத் தளர்த்தினேன், கயிற்றையும் அதன் கழுத்தில் போட்டுவிட்டேன்.

"பொறு தங்கச்சி, பின்னாலை வந்து தள்ளிவிடுறன்," என்று செல்லையா அண்ணர் சாரத்தைத் தூக்கினார்.

"ஐயோ, பின்னாலை போகாதையப்பா! அவளை விடு!" என்று ஐயா அவருடைய கையைப் பிடித்தார்.

சிவலையன் தலை குனிந்து தண்ணீரை மணந்தது, கொஞ்சம் குடித்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, காலை உள்ளே வைத்தது.

இன்று அந்த வாய்க்காலுக்குச் சீமெந்து பூசி, உழவு இயந்திரம் போகப் பாலமும் போட்டிருக்கிறார்கள். குதிரை விழுந்த இடத்தைக் காட்டினால் என் பிள்ளைகள் நம்புவதில்லை.

அது தண்ணீர் தாண்டிய மறுநாள், விதைப்பன்று காலை, ஐயா விதைநெல் மூட்டையை அதன் முதுகில் ஏற்றினார். அவர் கயிற்றைப் பிடித்தபோது சிவலையன் கரையிலேயே நின்றது. நான் பிடித்தபோது நடந்தது. அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை.