மேல் கேலரிக்கு ஏறிய காளை

ஆக்லாந்துக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கடற்கரையையும் எரிமலைக் குன்றுகளையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சொல்லப்போவது நகர நடுவே, பூங்காவை ஒட்டி இருக்கும் ஓவியக்கூடத்தைப் பற்றி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை அங்கே போனோம். காரணம் கலை ஆர்வம் இல்லை, வீட்டுச் சண்டை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, ஏழு வயது மகள் மீராவை ஜல்லிக்கட்டுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு மதுரைப் பக்கம். மனைவி சுகந்தி யாழ்ப்பாணம். "பிள்ளையை அங்க கொண்டுபோக விடமாட்டன்" என்று இரண்டு வாரமாக ஒரே பேச்சு. "மேல் கேலரில உட்காரப்போறோம். மேல உட்கார்ந்தா என்ன பயம்?" என்று நானும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து, பழைய ஸ்பானிய ஓவியர் ஒருவரின் காளைச் சண்டைப் படங்கள் அந்த ஓவியக்கூடத்துக்கு வந்திருப்பதாக நூலகத்தில் அறிவிப்பு. வெள்ளைக்காரனே காளை விளையாட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான் என்று காட்டினால் அவள் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் நான்.

மவுண்ட் ரோஸ்கில்லில் காலை 10.10க்குப் பேருந்து. ஏழு கிலோமீட்டர்தான், மழையில் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பெரியவர்களுக்கு இரண்டு டாலர், பிள்ளைக்கு ஒன்று. டவுன் ஹாலில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் போதும் என்றார் ஃபிஜிக்கார ஓட்டுநர். பத்து நிமிடம் ஆனது. நுழைவு இலவசம்.

எல்லாம் செம்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, மை பூசித் தாளில் அழுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றும் காலண்டர் தாள் அளவுதான். குதிரைமேல் ஈட்டியோடு ஒருவன், துணி வீசும் ஒருவன் என்று மீராவுக்கு விளக்கிக்கொண்டே போனேன்.

அடுத்த படத்தில் காளையின் தலைதான் முதலில் கண்ணில் பட்டது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே சுவாமியைப் பார்த்து வளர்ந்தவன். கண் தானாக அங்கே போனது. அங்கே ஒரு மனிதன் தொங்கிக்கொண்டிருந்தான், கைகால்கள் துவண்டு.

பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. காளை நின்றது களத்தில் இல்லை. வேலியைத் தாண்டி, பார்வையாளர்களின் இருக்கைகளுக்கு நடுவே நின்றது. இடது பக்கம் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. வலது பக்கம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். இறந்தவர் வேடிக்கை பார்க்க வந்த ஊர்த் தலைவர் என்று கீழே எழுதியிருந்தது.

மீரா காலி இருக்கைகளைக் காட்டி, அதுதான் நம் இருக்கையா என்று கேட்டாள். "டாடி, இஸ் தட் அவர் சீட்?"

வாரம் முழுக்க அந்த இருக்கையைப் பற்றித்தான் அவளிடம் பெருமையடித்திருந்தேன்.

"போகலாமா?" என்றேன் சுகந்தியிடம்.

"ஓம், போவம்." மீராவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

மாலை ஏழு மணிக்கு, ஊரில் பகல் பன்னிரண்டரை, அண்ணனுக்குப் போன் போட்டு மீரா ஜல்லிக்கட்டுக்கு வரமாட்டாள் என்றேன். அண்ணன் சிரித்தார். "மேல உட்கார்ந்தா என்னடா பயம்?" என்றார். என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள். கேட்கவே கூசியது.

இந்த மாதிரிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் கூட்டம். குடை அவசியம். பிள்ளைகளோடு போனால், முதலில் நீங்கள் மட்டும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எதைக் காட்டலாம் என்று முடிவு செய்யுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அன்று நான் அப்படிச் செய்திருந்தால், அந்த ஒரு படத்தை மட்டும் காட்டாமல் கூட்டி வந்து, ஜனவரியில் மீராவை மேல் கேலரியில் உட்கார வைத்திருப்பேன்.