டைம் கீப்பர் கோவிந்தராஜின் ஒன்பது நிமிடங்கள்

ஆரோக்கியம் அழைத்தபோது நான் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் வேளாங்கண்ணிப் பக்கம் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். பகலில் பேசினால் இயந்திரச் சத்தத்தில் பாதி கேட்காது. அன்று பின்னால் சத்தமே இல்லை.

“அண்ணன் போயிட்டாரு, செல்விக்கா.”

“எங்க போயிட்டாரு? சாயந்திரம் அஞ்சு மணிக்கு விளையாட வரச்சொன்னதே அவர்தானே?”

ஆரோக்கியம் அழுதார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

மன்னார்குடி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த கோவிந்தராஜ் அன்று காலை வடுவூர் வண்டியை விசில் ஊதி அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாதி டீ குடித்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை. அடுத்த வண்டியின் டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடி ஐந்து நிமிடம் விசிலுக்காகக் காத்திருந்தாராம். ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பினாலும் அடுத்த நாள் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்ற பயம். பயந்தது தப்பில்லை. நானும் வாங்கியிருக்கிறேன்.

விசிலும் நோட்டுமாக அவரைப் பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறீர்கள். எனக்கும் ஆரோக்கியத்துக்கும் தெரிந்த கோவிந்தராஜ், நாற்பதடி உயர இரும்பு இயந்திரத்துக்குள் உட்கார்ந்து சண்டை போடுகிறவர். அவரைப் பற்றியும் யாராவது எழுத வேண்டுமல்லவா?

மதியம் கடையில் கூட்டம் இருக்காது. அப்போது மடிக்கணினியில் ஒரு விளையாட்டை ஆடுவேன். மனித வடிவிலான பிரம்மாண்டமான போர் இயந்திரம் ஒன்று. அதற்குக் கவசம், இன்ஜின், துப்பாக்கி எல்லாம் நாமே தேர்ந்தெடுத்து மாட்ட வேண்டும். எடைக்கு வரம்பு உண்டு. கொடுத்த நேரத்துக்குள் கொடுத்த வேலையை முடிக்க வேண்டும். ஒருநாள் வாயு மாத்திரை வாங்க வந்த கோவிந்தராஜ், மீதிச் சில்லறையை மறந்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு ஆட்டம் முழுவதும் பார்த்தார்.

“நடுவுல நாலு நிமிஷம் சும்மா நின்னீங்களே, எதுக்கு?”

“எதிரி வருவான்னு பார்த்தேண்ணே.”

“அவன் வர்றப்ப வரட்டும். நம்ம வண்டி ஏன் ஸ்டாப் இல்லாத எடத்துல நிக்குது?”

அடுத்த மாதமே பழைய கணினி ஒன்றை வாங்கிவிட்டார். ஆரோக்கியம் விளையாட்டுக்குள்ளேயே அறிமுகமானவர். தமிழில் திட்டும் குரலைக் கேட்டு நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம். அவரவர் இடத்திலிருந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூவரும் ஓர் அணியானோம்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது ஒரு பணி. ஆமை வேகத்தில் போகும் சரக்கு வண்டி ஒன்றை, மூன்று எதிரி வாசல்களைத் தாண்டி, ஒன்பது நிமிடத்துக்குள் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை திறந்து ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மூடிவிடும். மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெள்ளியன்று பதினோரு முறை தோற்றோம். அதில் ஒருமுறை சரக்கு வண்டியை மிதித்து நசுக்கியது நான்தான். கோவிந்தராஜ் “பயணிங்க எல்லாம் எறங்கிட்டாங்களா பாருங்க” என்றார்.

சனிக்கிழமை காலை ஒரு தாளோடு கடைக்கு வந்தார். பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதுவது போலவே எழுதியிருந்தார்: முதல் வாசல் இரண்டு நிமிடம் பத்து வினாடி, ஆற்றுப் பாலம் மூன்று நாற்பது, இரண்டாம் வாசல் ஐந்து. யார் எந்த இடத்தில் எத்தனை வினாடி நிற்கலாம் என்றுகூட இருந்தது. கடைசி வரி, ‘ஆரோக்கியம்: பெரிய பீரங்கியைக் கழற்றவும்.’

அன்று மாலை ஹெட்போனில் பெரிய சண்டை.

“பீரங்கியக் கழட்ட மாட்டேண்ணே. அவ்வளவு பெரிய உருவத்த வச்சுக்கிட்டுச் சின்னத் துப்பாக்கியோட போனா பார்க்கிறவன் சிரிக்க மாட்டான்?”

“யாருப்பா பார்க்கிறா? நாம மூணு பேர்தானே இருக்கோம்?”

“எனக்கே ஒரு மாதிரி இருக்கும்ண்ணே.”

“சூடாகி நடுவழியில நின்னுடுதே உன் வண்டி. சரி, வச்சுக்க. ஆனா ஆத்துல எறங்கி, தண்ணியில நின்னுக்கிட்டுத்தான் சுடணும்.”

இயந்திரம் தண்ணீரில் நின்றால் சீக்கிரம் சூடு ஆறும் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். நானும் ஆரோக்கியமும் இரண்டு வருடம் ஆடியும் எங்களுக்கு அது தோன்றவில்லை.

அதே சனிக்கிழமை காலை அவர் கடையில் நீட்டிய தாளுக்குக் கீழே இன்னொரு தாளும் நழுவி வந்தது. மருத்துவரின் சீட்டு. மருந்துக்கடைக்காரியிடம் அதை மறைக்க முடியுமா? இதய ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று தஞ்சாவூரில் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரிலுள்ள அத்தனை வண்டிகளையும் வினாடி பார்த்து அனுப்புகிறவர், தன் விஷயத்தில் மட்டும் பொங்கல் கூட்டம் போகட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

“ஒர்க்‌ஷாப்ல விட்டா வண்டி எப்ப வெளிய வரும்னு சொல்ல முடியாது, செல்விம்மா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பயம் கண்ணில் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நாளைக்குள்ள இந்தப் பணிய முடிச்சிட்டோம்னா, திங்கக்கிழமை தஞ்சாவூர் போறீங்க. சரின்னு சொல்லுங்க” என்றேன். பதினோரு தோல்விகளை நினைத்திருப்பார். உடனே சரி என்றார்.

அவர் வேண்டுமென்றே தோற்றால் தப்பித்துவிடலாம். ஆனால் ஒரு வண்டி தாமதமாகப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு பலவீனத்தை நம்பித்தான் பந்தயம் கட்டினேன்.

ஞாயிறு மதியத்துக்குள் அவர் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். மின்வாரிய லைன்மேனைப் பிடித்து ஐந்தரை வரை மின்தடை இல்லை என்று உறுதி வாங்கினார். மூவரும் ஒரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாம்பார் கூடாது, தயிர்சாதம் போதும். நாலு ஐம்பதுக்கு எல்லோரும் ஒருமுறை கழிவறை போய்வர வேண்டும். அவர் மனைவி மல்லிகா அக்கா குக்கர் வைக்கக் கூடாது, விசில் சத்தம் குழப்பும். தாளில் முதல் வரிக்கு மேலே என் கையால் ‘மாத்திரை’ என்று எழுதிச் சேர்த்தேன். ஆரோக்கியம் தன் பங்குக்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை வேண்டிக்கொண்டார்.

“நல்லா இருப்பா நீ” என்றார் கோவிந்தராஜ்.

“எனக்கு இல்லண்ணே. உங்க மொட்டை.”

“என் முடிய வேண்டிக்க நீ யாருடா?”

ஐம்பது வயது தாண்டியும் அடர்த்தியாக இருந்த அந்தத் தலைமுடிமீது அவருக்கு இருந்த பெருமை ஊரறிந்தது.

ஐந்து மணிக்குத் தொடங்கி இரண்டு முறை தோற்றோம். ஐந்து இருபதுக்குக் கடைசி முயற்சி. கிளம்புவதற்கு முன் அவர் தன் இயந்திரத்தின் ஆயுதங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அந்த எடைக்குக் கவசத்தை மட்டும் ஏற்றினார்.

“என்னண்ணே, வெறுங்கையோடவா?”

“சரக்கு போய்ச் சேரணும்னுதான் போட்டிருக்கான். நாம போய்ச் சேரணும்னு எங்கேயும் போடல.”

முதல் வாசல் இரண்டு எட்டு. பாலம் மூன்று நாற்பது. ஆரோக்கியம் ஆற்றில் நின்று இரண்டாம் வாசலைத் தகர்த்தார். மகிழ்ச்சி தாங்காமல் கரையேறி இன்னும் நாலு குண்டு சுட்டதில் இயந்திரம் சூடேறி அணைந்தது. மூன்றாம் வாசலில் எனக்கு ஒரு கால் போயிற்று. மிச்சம் ஐம்பது வினாடி. துறைமுகத்துக்கு முன்னால் இரண்டு எதிரிகள். கோவிந்தராஜ் சரக்கு வண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, குண்டுகளை வாங்கிக்கொண்டு நடந்தார். ஹெட்போனில் அவர் குரல், பேருந்து நிலைய மைக்கில் கேட்கும் அதே குரல்: “வண்டி வருது, வழி விடுங்க. வண்டி வருது.”

அவர் இயந்திரம் வெடித்தது. சரக்கு உள்ளே போனது. மிச்சம் இரண்டு வினாடி.

ஆரோக்கியத்தோடு சேர்ந்து நானும் கத்திய கத்தில் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வெளியே போய்விட்டார். கோவிந்தராஜ் மட்டும், “அய்யய்யோ, திங்கக்கிழமை” என்றார்.

போனார். நானும் மல்லிகா அக்காவும் கூடவே போனோம். இரண்டு வாரம் கழித்து மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பியபோது, யாரோ புது ஆள் என்று நினைத்து டிரைவர்கள் அவர் விசிலை மதிக்காமல் நின்றதும், அன்று நாலு வண்டிகள் தாமதமானதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் மூன்று வருடம் இருந்தார். பெண்ணின் கல்யாணத்தைப் பார்த்தார். கடைசியில் நெஞ்சு எந்தத் தாளிலும் எழுதி வைக்காமல் நின்றுவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை தஞ்சாவூர் மருத்துவமனையில் அவரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனபோது, நான் பதற்றத்தில் ஊழியரை விரட்டிக்கொண்டிருந்தேன். அவர் படுத்தபடியே என் கையைத் தட்டி, “நேரம் இருக்கும்மா, அவர் பார்த்து வரட்டும்” என்றார். அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருடத்தில் எங்கள் யாரிடமும் அவர் ஒருமுறைகூட ‘சீக்கிரம்’ என்று சொன்னதில்லை.

என் கடைக்குச் சிலர் மருந்துச் சீட்டோடு ஓடிவருவார்கள். வீட்டில் யாருக்கோ முடியாமல் இருக்கும். சீட்டைத் தலைகீழாக நீட்டுவார்கள். “உட்காருங்க, நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, என்னால் முடிந்த வேகத்தில் மருந்தை எடுக்கிறேன். கோவிந்தராஜிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அதுதான்.