வாட்டர் டெஸ்டில் யாரை உள்ளே உட்கார வைப்பது?

1. மூன்றாவது தடவை

பெரியகுளத்தில் கார் கண்ணாடி மாட்டும் வேலையில் முப்பது வருஷமாக இருக்கிறேன். செய்த வேலை திரும்பி வருவதுதான் எங்கள் தொழிலில் பெரிய அவமானம். ஒரு பழைய வெள்ளைக் கார் ஒரே ஒழுகலுக்காக என்னிடம் மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அது திருப்பத்தில் தெரிந்தபோது, பக்கத்து டீக்கடைக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

வண்டிக்காரர் சென்றாயன் அண்ணன். ஜெயமங்கலத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். காரை அவர் ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘அவன்’தான். அன்றைக்கு அவரோடு அவர் மனைவி பேச்சியம்மாள் மதினியும் வந்திருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்கியதும் சேலையைக் காட்டினார். மடியில் நல்ல ஈரம்.

“கம்பத்தத் தாண்டி மலையேறுனா சாரல். குமுளியில மக வீட்டுக்குப் போய்ச் சேருறதுக்குள்ள நான் நனைஞ்சு போறேன். சரி பண்ணியாச்சு, சரி பண்ணியாச்சுன்னு இவுகளும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காக. இந்தத் தடவையும் ஒழுகுச்சுன்னா வண்டி பழைய இரும்பு எடைக்குத்தான். தேனியில ஒருத்தருகிட்டச் சொல்லி வச்சிட்டேன். கூப்பிட்டா வந்து தூக்கிட்டுப் போயிருவாக.”

அண்ணன் பானட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

2. பயந்துபோய்ப் பார்த்த வைத்தியம்

முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரை நாங்கள் பீடிங் என்போம். அது ஒழுகினால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அது உட்காரும் தகர விளிம்பில் துரு இருந்தால் சுரண்டி, புது பீடிங் போட்டு மாட்ட வேண்டும். இதுதான் முறையான வேலை. இந்தக் காருக்கு நான் இதைச் செய்யவே இல்லை.

காரணம் பயம். மதுரை, கோயம்புத்தூர் வரைக்கும் விசாரித்துவிட்டேன். இந்த மாடலுக்கு பீடிங் கிடைக்கிறது, கண்ணாடி கிடைப்பதில்லை. கழற்றும்போது ஒரு கீறல் விட்டாலும் வண்டியின் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் பழைய பீடிங்கின் ஓரத்தை மட்டும் தூக்கி, உள்ளே சீலன்ட் என்கிற பசையைப் பிதுக்கி அனுப்பினேன். அனுப்பும் முன் வாட்டர் டெஸ்ட் உண்டு. நான் வெளியே ஹோஸில் தண்ணீர் அடிப்பேன், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தவர் அண்ணன்தான். ஒவ்வொரு தடவையும், “ஒரு சொட்டு இல்ல தம்பி” என்று சந்தோஷமாக இறங்குவார்.

3. பவுடர்

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க அன்றைக்கு முதலிலேயே ஹோஸை எடுத்தேன். “இன்னைக்கு நான் உக்காருறேன்” என்றார் மதினி.

அண்ணன் பதறிப்போய், “ஒனக்கு எதுக்கு ஆத்தா சிரமம்” என்றார். மதினி காதில் வாங்கவில்லை. கைப்பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து டேஷ்போர்டு முழுக்கத் தூவிவிட்டு, இடது பக்க சீட்டில் அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் தண்ணீர் அடித்தேன். இரண்டே நிமிஷத்தில் உள்ளேயிருந்து தட்டினார். எட்டிப் பார்த்தால், கண்ணாடியின் இடது கீழ் மூலையிலிருந்து பவுடரில் ஒரு கோடு ஓடிவந்து, அவர் மடிக்கு நேராக முடிந்திருந்தது.

“நீங்க உக்காந்தப்ப இது வரலையா?” என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையைத் தொட்டார். “வந்துச்சு. தொடச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“ஒழுகுதுன்னா தம்பி கண்ணாடியக் கழத்தும். ஒடஞ்சு போச்சுன்னா அவன என்ன செய்யிறது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மூன்று தடவையும் என் மானம் அந்தக் கைக்குட்டைக்குள் போயிருக்கிறது. அதற்குள் மதினி என் பக்கம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரியில ஊசிக்குப் பயந்தவுக எல்லாம் வலியே இல்லேன்னுதான் சொல்லுவாக. நாங்க அமுக்கிப் பாப்போம். நீங்க இவுக சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டீக. ஒங்களுக்கும் கழத்தப் பயம்தான?”

பயம்தான். வெட்கமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

4. எண்ணெய் வாசம்

பழைய பீடிங்கை பிளேடால் அறுத்தேன். பிறகு சீட்டில் படுத்து, காலில் துணி சுற்றி, கண்ணாடியை இரண்டு பாதத்தாலும் மெல்ல மெல்ல வெளியே தள்ளினேன். வெளியே பிடிக்க அண்ணனைத்தான் நிறுத்தியிருந்தேன். அவர் கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். “தள்ளுங்க, நான் பிடிக்கிறேன்” என்று மதினி வந்து நின்றார். அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்ணாடி கீறல் இல்லாமல் வெளியே வந்தது. எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

நான் பிதுக்கிய சீலன்ட் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. நாடா மாதிரி அப்படியே உரிந்து வந்தது. முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

“சனிக்கிழம குச்சனூரு கோயிலுக்கு வெளக்குப் போடக் கொண்டுபோறேன்ல, அதுல மிச்சம் தம்பி” என்றார் அண்ணன், மரத்தைப் பார்த்தபடியே. “ரப்பரு காஞ்சு போயிரக் கூடாதேன்னு வாராவாரம் தடவிவிட்டேன்.”

நல்லெண்ணெய் குடித்த ரப்பரில் எந்த ஊர் சீலன்ட் ஒட்டும்? எண்ணெயைத் துடைத்து, மூலையில் இருந்த துருவைச் சுரண்டி, துரு திரும்பப் பிடிக்காமலிருக்க பிரைமர் அடித்துக் காயவிட்டேன். மறுநாள் புது பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் சுற்றிலும் நைலான் கயிற்றைக் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவி வண்டியில் வைத்தேன். மதினி வெளியிலிருந்து கண்ணாடியை அமுக்க, நான் உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தேன். கயிறு வர வர ரப்பர் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. அரை மணி நேரம் தண்ணீர் அடித்தேன். உள்ளே மதினி. டேஷ்போர்டில் பவுடர் போட்டது போட்டபடி இருந்தது.

5. போன்

இப்போதெல்லாம் வாட்டர் டெஸ்டில் வண்டிக்காரரை உள்ளே விடுவதில்லை. ஹோஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, நனைகிற சீட்டில் நானே உட்காருகிறேன். ஒழுகல் இல்லை என்ற பதிலுக்காக ஏங்குகிற ரெண்டு பேர் சேர்ந்து செய்வது சோதனை ஆகாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கண்ணாடி மாட்டிய வாரமே அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“குமுளி மலையில பாதியில நிக்கிறோம் தம்பி. மழைன்னா மழை. உள்ள ஒரு சொட்டு இல்ல.”

இதே வார்த்தையை அவர் வாயால் மூன்று தடவை கேட்டவன் நான். அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

“இரு, அவகிட்டயே குடுக்கிறேன்” என்றார்.

மதினி வாங்கினார். “தேனிக்காரருக்குப் போனப் போட்டு, வர வேணாம்னு சொல்லிட்டேன் தம்பி.”