சேவலோடு நூல் கடையில்

சிரம்பானில் கோலா பிலா பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. நூல் கடைக்குள் நுழைகிறேன். லாபு தோட்டத்து அக்கா ஒருவர் கக்கத்தில் உயிருள்ள சேவலோடு நிற்கிறார். அது என்னை முறைக்கிறது. கேன்வாஸ் துணியில் அதன் படத்தையேதான் தைக்கிறாராம். நெஞ்சுக்குப் புசுபுசுவென்ற கம்பளி நூலை இறகோடு உரசிப் பார்த்து எடுத்துவிட்டார். வால் பாக்கி.

“முனியாண்டிக்கு நேந்து விட்டது. படத்தத் தச்சு முடிச்சப்புறம்தான் வெட்டணும்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்,” என்கிறார் என்னிடம்.

கடைக்காரர் தடித்த கம்பளியை நீட்டுகிறார். “வாலுக்கும் இதே போடுங்க. ஒரு வாரத்துல முடிஞ்சிரும்.”

“வாலு மினுங்கணும்லா. பட்டு நூல் குடுங்க, இருக்கிறதுலயே மெல்லிசா.”

“அதுல தச்சா தீபாவளியே தாண்டிருமே!”

“தாண்டட்டும்லா,” என்று சேவலின் கொண்டையைத் தடவிக்கொடுக்கிறார்.